கூடைக்குக் கழிச்ச கணக்கும் மாரியம்மா திறந்த வாயும்

அன்னைக்கு அங்க யார் யார் இருந்தாங்கன்னு முதல்லயே சொல்லிடுறேன். பின்னாடி "இவன் பக்தியில கூட்டிச் சொல்றான்"னு யாரும் சொல்லக் கூடாது.

நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடத்து அதிபர் சேர் இருந்தாரு. டவுன்ல இருந்து மோட்டார் சைக்கிள்ல நனைஞ்சுக்கிட்டு வந்த ஆசிரிய ஆலோசகர் இருந்தாரு. முதலாம் தரத்துக்குப் படிப்பிக்கிற மிஸ் கதவுக்கிட்ட நின்னாங்க. மூன்றாம் தரத்து வகுப்புப் பிள்ளைங்க பத்தொன்பது பேர். கரும்பலகைக்கு முன்னாடி என் வீட்டுக்காரி யோகராணி. ஜன்னலுக்கு வெளிய, தகரத் தாழ்வாரத்துக்குக் கீழ நான். என் இடுப்புல எங்க சின்ன மக துஷி. ஆலோசகரைத் தவிர இவங்க எல்லாரும் இதே மலையிலதான் இருக்காங்க, யாரை வேணும்னாலும் கேட்டுக்கங்க.

இன்னொருத்தரும் அங்க இருந்தாங்க. அவங்களைப் பத்திச் சொல்லத்தான் நம்ம கோயில் திருவிழா மலருக்கு இதை எழுதுறேன். எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க. நான் எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன். பெக்டரியில தேயிலைக் கொழுந்து அரைக்கிற ரோலர்ல வேலை செய்யிறேன்.

யோகராணி அப்படி இல்ல. மேல் டிவிசன்ல கொழுந்தெடுக்கிற குடும்பத்துல பிறந்து, உயர்தரம் வரைக்கும் படிச்சு, டீச்சரா நியமனம் வாங்குனவ. எங்க தோட்டத்து லய வீடுகள்ல இருந்து சேலை கட்டிக்கிட்டு, குடையைப் பிடிச்சுக்கிட்டு, காலையில வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்குப் போற கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமா பள்ளிக்கூடத்துக்கு நடந்து போன முதல் பொம்பளப்பிள்ளை அவதான். அவ என்னைக் கட்டிக்கிறேன்னு சொன்னப்ப எனக்கே நம்பிக்கை வரல. "டீச்சருக்கு ரோலர்காரனா"ன்னு ஊரே கேட்டுச்சு. நானும் அதைத்தான் கேட்டேன். அவ சிரிச்சுட்டு, "நீங்க கேள்வி கேக்காம இருந்தா நல்லா இருப்பீங்க"ன்னா.

மூத்தவ ஹரிணி பிறந்தா. அப்புறம் துஷி. துஷிக்குப் பிறந்ததுல இருந்தே இளைப்பு. நம்ம ஊர்க் குளிருக்கு அந்தப் பிள்ளையோட நெஞ்சு கீச்சுக்கீச்சுன்னு கத்தும். எங்க வீட்டுல பெரியவங்க யாரும் உயிரோட இல்ல. பிள்ளைக் காம்பராவுல விடலாம்னா அங்க பாத்துக்கிற ஆயாம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. "தம்பி, இத்தனை பிள்ளைகளுக்கு நடுவுல இது மூச்சு விடத் திணறுனா நான் என்னப்பா செய்வேன்?" அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

யோகா லீவு போட்டா. லீவை நீட்டினா. அப்புறம் நீட்டவும் வழியில்லாமப் போச்சு. அப்படியே நாலு வருசம் ஓடிப்போச்சு. ஞாயித்துக்கிழமைகள்ல அன்னன்னைக்கே குடுக்கிற கைகாசுக்குக் கொழுந்தெடுக்கப் போவா. டீச்சர் கூடை மாட்டிக்கிட்டு மலை ஏறுறதை நான் துஷியை இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு பாப்பேன். அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு இறங்காது.

போன வருசம் துஷிக்கு இளைப்பு குறைஞ்சது. பள்ளிக்கூடத்துல மூன்றாம் தரத்துக்கு டீச்சர் இல்லாமப் பிள்ளைங்க சும்மா உக்காந்திருந்தாங்க. அதிபர் சேர் ஆள் விட்டுக் கூப்பிட்டாரு. "யோகராணி டீச்சர், திரும்ப வந்துருங்கம்மா." சொல்றது லேசு. அதுக்கப்புறம் நாங்க வலயக் கல்விப் பணிமனைக்கு நடந்த நடை எங்க செருப்புக்குத்தான் தெரியும். கேட்டடியில நிக்கிற காவலாளி எங்களைப் பாத்ததுமே "ஹெட்ட என்ன"ம்பாரு. நாளைக்கு வாங்கன்னு அர்த்தம். பாவம், நல்ல மனுசன், எங்க துஷிக்கு டொபியும் குடுப்பாரு.

கடைசியில உள்ள இருந்து ஒரு பதில் வந்துச்சு. இத்தனை வருசம் விட்டுட்டதால முதல்ல ஒரு பாடம் நடத்திக் காட்டணும். ஆலோசகர் வந்து உக்காந்து பாத்து என்ன எழுதிக் குடுக்கிறாரோ அதுதான் முடிவு. சரியில்லன்னா அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுருவாங்க. அப்புறம் கேக்கவே முடியாது.

நான் பயந்தாங்கொள்ளி. ஊருக்கே தெரியும். ஆனா அந்தத் தடவை என்னை விட யோகா பயந்தா.

"எனக்குப் பேச்சே மறந்துபோச்சுங்க. நாலு வருசமா ஆத்தா வா, அம்மாடி தூங்குன்னு பேசுன வாயி. புதுப் புத்தகம், புது முறை எல்லாம் வந்துருச்சு. பிள்ளைங்க முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்குமோன்னு இருக்கு."

கொழுந்துக்குப் போகாத ஞாயித்துக்கிழமை பகல்ல என்னைக் கட்டில்ல உக்கார வச்சு பாடம் நடத்திப் பாப்பா. நான்தான் மூன்றாம் தரம். நல்லா ஆரம்பிப்பா. நடுவுல குரல் கம்மி நின்னுரும். அவளைச் சிரிக்க வைக்கலாம்னு ஒரு தடவை கையைத் தூக்கி, "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்"னேன். சோக்கட்டியால அடிச்சா. ஆனா சிரிக்கல. என்னைப் பாத்தே நடுங்குனா, வகுப்பைப் பாத்தா என்ன ஆகும்?

இதுக்கு நடுவுல பீலியில தண்ணி பிடிக்கப் போன இடத்துல பக்கத்துக் காம்பராவுல குடியிருக்கிற அன்னக்கிளி அக்கா ஒரு வார்த்தை விட்டுட்டாங்க. "என்ன டீச்சரம்மா, சட்டி கழுவுன கைக்கு சோக்கட்டி வழுக்காதா?" அவங்க சும்மா கிண்டலுக்குச் சொன்னது. யோகா குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கிட்டு வந்துட்டா. அடுப்படியில உக்காந்து, "நான் போகல. சொல்லிருங்க"ன்னா.

அன்னைக்கு நான் உடைஞ்சு போனேன். அவ படிப்பு எங்க வீட்டுக்கே கிடைச்ச வரம். அது அடுப்படியில முடிஞ்சு போறதைப் பாத்துக்கிட்டு நான் எப்படி இருப்பேன்? எனக்கு அவளுக்குச் சொல்லிக் குடுக்கப் படிப்பு இல்ல. பெரிய இடத்துல பேச ஆள் இல்ல. கும்பிட மட்டும்தான் தெரியும்.

பெக்டரிச் சக்கரத்தைக் காக்குற ரோதைமுனிக்கு முன்னாடி நான் தினமும் சூடம் கொளுத்திட்டுத்தான் ரோலரைப் போடுவேன். முனியப்பன்கிட்ட சொன்னேன். வெள்ளிக்கிழமை நம்ம மாரியம்மாகிட்ட வந்தேன். என் வேண்டுதல் எப்படின்னு உங்களுக்குத் தெரியும். தாயே, அன்னைக்கு மழை பெய்யக் கூடாது. துஷி அழக் கூடாது. வர்ற ஆலோசகர் கோபக்காரரா இருக்கக் கூடாது. அவரு வர்ற பஸ் வழியில நிக்கக் கூடாது. யோகா சேலை மடிப்புக் கலையக் கூடாது. பிள்ளைங்க கணக்கைத் தப்பாச் சொல்லக் கூடாது. இப்படியே சொல்லிக்கிட்டு நின்னேன். திருநீறு குடுக்க வந்த பூசாரி அண்ணன் தட்டைப் பிடிச்சுக்கிட்டே நின்னு பாத்துட்டு, "ஏம்ப்பா, ஒரே ஆளுக்கு இவ்வளவு வேலை குடுத்தா அம்மாவுக்கு ஓவர்டைம் யாரு குடுக்கிறது?"ன்னாரு. பக்கத்துல நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

வீட்டுக்கு வந்து திருநீறை யோகா நெத்தியில பூசி, "போய் நின்னுட்டு மட்டும் வா. தோத்தா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னேன். அவ என் முகத்தைப் பாத்துட்டு, "நீங்க சொல்லவே வேணாம். உங்க மூஞ்சியே சொல்லிரும்"னா. ஆனா போகச் சம்மதிச்சா.

ஆடி மாசம், ஒரு புதன்கிழமை. விடியும்போதே மழை. நம்ம மழை எப்படின்னு தெரியுமே, மேல இருந்தும் பெய்யும், பக்கத்துல இருந்தும் பெய்யும். பள்ளிக்கூடப் படியில ஏறுறப்ப யோகாவோட சேலைக் கரை சேறாச்சு. துஷி வாசல்லயே அம்மா காலைக் கட்டிக்கிட்டு அழுதா. பிச்சு எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டு நான் ஜன்னலுக்கு வெளிய போயிட்டேன். ஆலோசகர் தொப்பலா நனைஞ்சு, முகத்தைக் கடுகடுன்னு வச்சுக்கிட்டு வந்தாரு. நான் அம்மாகிட்ட கேட்டது ஒண்ணு கூட நடக்கல.

பாடம் கூட்டல். யோகா அட்டையில மாம்பழம், தோடம்பழம் எல்லாம் வரைஞ்சு கொண்டு போயிருந்தா. அதுக்கு ரெண்டு நாளா வர்ணம் தீட்டுனா, பாவம். அட்டையைத் தூக்கிப் பிடிச்சா. "பிள்ளைகளே..."ன்னா. அவ்வளவுதான். அதுக்கு மேல வரல.

பிள்ளைங்க அவளையே பாத்தாங்க. தகரத்துல மழைச் சத்தம். ஆலோசகர் பேனா மூடியைத் திறந்தாரு. அந்த நேரம் பாத்து துஷி "அம்மா"ன்னு கத்துனா. யோகா திரும்பி ஜன்னலைப் பாத்தா. என் மூஞ்சியைப் பாத்தா. அதோட இன்னும் மோசமாப் போச்சு.

அப்ப எனக்குக் கேக்குறதுக்கு வேற ஒண்ணும் ஞாபகம் வரல. மழை, சேலை, பஸ் எல்லாம் மறந்துபோச்சு. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "தாயே, அவ வாயைத் திற."

ஆலோசகர் எழுந்திரிச்சாரு. முடிஞ்சதுன்னு நினைச்சேன். அவரு யோகாவைப் பாத்து, "டீச்சர், கொஞ்சம் தண்ணி குடிங்க. நான் ஒரு கணக்கு கேக்குறேன்"னு சொல்லிட்டு பிள்ளைங்க பக்கம் திரும்பினாரு.

"பிள்ளைகளே, ஒரு அம்மா காலையில பன்னிரண்டு கிலோ கொழுந்து எடுக்கிறாங்க. பகலுக்குப் பிறகு ஒன்பது கிலோ எடுக்கிறாங்க. மொத்தம் எத்தனை கிலோ?"

அரை வகுப்பு ஒரே சத்தமா, "பதினேழு!"ன்னுச்சு.

பின் வரிசையில இருந்து ரெட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை எந்திரிச்சு, "இல்ல சேர், பதினஞ்சு!"ன்னுச்சு.

ஆலோசகர் அதிபரைப் பாத்தாரு. அதிபர் தரையைப் பாத்தாரு. "மூன்றாம் தரம்... பன்னிரண்டும் ஒன்பதும்..."னு ஆலோசகர் இழுத்தாரு. எனக்கு உயிரே போச்சு. பிள்ளைங்க தப்பாச் சொல்லக் கூடாதுன்னு நான் எத்தனை தடவை கும்பிட்டிருப்பேன்!

அதுக்குள்ள முன்னால இருந்த ஒரு பையன் திரும்பி அந்தப் பிள்ளையைப் பாத்து, "பதினேழுதான்டி, லூசு"ன்னான். அது விடல. "மழைக்கும் கழிக்கணும்டா. வெளிய பாரு, எப்படிப் பெய்யுதுன்னு!"

யோகா தலையைத் தூக்குனா. கையில இருந்த அட்டையை மேசையில வச்சா.

"சேர், ஒரு நிமிசம். அதுங்க கூட்டத் தெரியாம சொல்லல. கூட்டிட்டுக் கழிச்சிருக்குங்க."

"என்னத்தைக் கழிச்சாங்க?"

"கூடையை, சேர். ஒரு நிறுவைக்குக் கூடைக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பாங்க. ரெண்டு நிறுவைக்கு நாலு. இருபத்தொண்ணுல நாலு போனா பதினேழு. அந்தப் பிள்ளை இன்னைக்கு மழைன்னு ஈரத்துக்கும் நிறுவைக்கு ஒவ்வொரு கிலோ கழிச்சிருக்கு. பதினஞ்சு. இது இதுங்க வீட்டுல தினமும் பேசுற கணக்கு சேர். நானும் கூடை மாட்டிப் போனவதான், எனக்கும் கழிச்சிருக்காங்க."

குரல் நடுங்கல. நான் கட்டிக்கிறதுக்கு முன்னாடி பள்ளிக்கூட வேலி ஓரமா நின்னு ஒளிஞ்சு கேட்ட அதே குரல்.

அதுக்கப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்? வாடுன கொழுந்து ரோலர்ல விழுந்ததும் வாசம் குபீர்னு கிளம்பும். அப்படித்தான் இருந்துச்சு. முன் வரிசைப் பையனைக் கூப்பிட்டா. "நீதான் கணக்கப்பிள்ளை. வா, வந்து நில்லு." ரெட்டைச் சடைப் பிள்ளைக்குப் புத்தகப் பையை முதுகுல மாட்டி விட்டா. "நீ கொழுந்து கொண்டாந்திருக்க. நிறுக்கச் சொல்லு." பலகையில ரெண்டு பக்கமாக் கோடு கிழிச்சா. ஒரு பக்கம் தராசு காட்டினது. மத்தப் பக்கம் எழுதினது. பிள்ளைங்க ஒவ்வொருத்தரா வந்து பையைத் தூக்கி வச்சாங்க. கூட்டல் ஒரு பக்கம், கழித்தல் ஒரு பக்கம், ரெண்டையும் ஒரே பாடத்துல ஓட விட்டா.

கணக்கப்பிள்ளை ஆன பையன் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "உனக்கு இன்னைக்குக் கிலோ பத்தாது. அரைப்பேர்தான்!"னு சத்தம் போட்டான். அரைப்பேர்னா அரை நாள் சம்பளம். ரெட்டைச் சடை இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "நீ நிறுத்த லட்சணத்துக்கு அரைப்பேரா? தராசுல இருந்து காலை எடுடா முதல்ல!"ன்னுச்சு. வகுப்பே உருண்டு சிரிச்சுது. கதவுக்கிட்ட நின்ன மிஸ் வாயைப் பொத்திக்கிட்டாங்க. கடுகடுன்னு வந்த ஆலோசகர் மேசையைத் தட்டிச் சிரிச்சாரு.

அப்புறம் ஒரு சின்னப் பிள்ளை மெதுவாக் கேட்டுச்சு. "அந்த நாலு கிலோ எங்க போவுது டீச்சர்?"

சிரிப்பு நின்னுருச்சு. ஆலோசகர் ஜன்னல் பக்கம் பாத்தாரு. யோகா அந்தப் பிள்ளைகிட்ட போய்க் குனிஞ்சு, "அது நாலு கிலோன்னு கண்டுபிடிச்சது யாரு?"ன்னா.

"நான்தான் டீச்சர்."

"அப்ப இனி உன்கிட்ட யாரும் மறைக்க முடியாது"ன்னா.

மணி அடிச்சது. ஒரு பிள்ளை கூட எந்திரிக்கல.

ஆலோசகர் வெளிய வந்தப்ப என்னைப் பாத்து நின்னாரு. "யாரு நீங்க? ஏன் இப்படி நடுங்குறீங்க, காய்ச்சலா?"

"என் வீட்டுக்காரர் சேர்"னு யோகா சொன்னா.

"இல்ல சேர், பயம்"னேன்.

அவரு என் தோள்ல கை வச்சாரு. "எங்கம்மாவும் கொழுந்துக்காரிதான். திம்புள்ள பக்கம். எங்க தோட்டத்துல கூடைக்கு மூணு கழிப்பாங்க. நானே மறந்துட்டு அந்தக் கேள்வியைக் கேட்டேன் பாருங்க." போறப்ப யோகாகிட்ட, "டீச்சர், அந்த மாம்பழ அட்டையை வீட்டுலயே வச்சிருங்க"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே மோட்டார் சைக்கிள்ல ஏறுனாரு.

நான் நேரா நம்ம கோயிலுக்குத்தான் வந்தேன். நடை சாத்தியிருந்தது. கதவுல தலையை வச்சு அழுதேன். மழை வேணாம்னு கேட்டேன், அம்மா மழையைக் குடுத்தா. மழை இல்லன்னா அந்தப் பிள்ளை எந்திரிச்சே இருக்காது. பிள்ளைங்க தப்பாச் சொல்லக் கூடாதுன்னு கேட்டேன். அதுங்க சொன்னதுல இருந்துதான் என் வீட்டுக்காரிக்கு வாய் திறந்துச்சு. அவ கூடை மாட்டுனதை நினைச்சு நான் சோறு தின்னாம இருந்திருக்கேன். அன்னைக்கு அவளுக்குக் கை குடுத்தது அந்தக் கூடைதான்.

தீபாவளி கழிஞ்சு வேலை உறுதியாச்சு. தை மாசத்துல இருந்து யோகராணி மூன்றாம் தரத்து வகுப்பு டீச்சர். அன்னக்கிளி அக்கா தன் அக்கா மகளைக் கூட்டிக்கிட்டு வந்து, "எங்க லயத்து டீச்சர்கிட்டதான் இது படிக்கணும்"னு அதிபர்கிட்ட மல்லுக்கு நின்னாங்களாம். துஷி முன்பள்ளிக்குப் போறா, அங்கயும் எல்லாரையும் அதட்டுறா. ஹரிணி தானும் டீச்சராத்தான் வருவாளாம். என்னை இப்ப ஊர்ல யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்ல. "டீச்சர் வீட்டுக்காரரு"ங்கிறாங்க. பெக்டரியில ரோலர் சத்தத்துக்கு நடுவுல யாராவது அப்படிக் கூப்பிட்டா, ரெண்டாவது தடவை கூப்பிடட்டும்னு காது கேக்காத மாதிரி நிப்பேன். அம்மா மன்னிக்கட்டும், அந்தப் பெருமை எனக்கு வேணும்.

பயம் போயிருச்சான்னு கேட்டா, போகல. ஆனா கும்பிடுறது மாறிப்போச்சு. இப்ப அம்மாவுக்கு வேலை எப்படிச் செய்யணும்னு நான் சொல்லிக் குடுக்கிறதில்ல. ஒரே வார்த்தைதான் சொல்றேன். மிச்சத்தை அவகிட்ட விட்டுடுறேன். பூசாரி அண்ணன் கூட, "என்னப்பா, இன்னைக்கு இவ்வளவுதானா?"ன்னு கேக்குறாரு.

இதை வாசிக்கிற தங்கச்சிமாருக்கு ஒண்ணு. பிள்ளைகளுக்காக வேலையை விட்டுட்டு, இனி நம்மளால முடியாதுன்னு அடுப்படியில உக்காந்திருந்தா, எந்திரிச்சு வாங்க. நீங்க வீட்டுல இருந்த வருசத்தை அம்மா வீணாக்க மாட்டா. அண்ணன்மாரே, உங்களுக்குப் படிப்பு இல்லாட்டியும் பரவாயில்ல, ஜன்னலுக்கு வெளிய நிக்கத் தெரிஞ்சா போதும். வெள்ளிக்கிழமை பூசைக்கு வாங்க. கேக்கத் தெரியலன்னா சும்மா வந்து நில்லுங்க. எங்களுக்குச் செஞ்சவ உங்களுக்கும் செய்வா.

கடைசியா ஒண்ணு. டீச்சர் தினமும் சேலை கட்டணும். யோகாவோட பழைய பள்ளிக்கூடச் சேலையெல்லாம் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டியே நைஞ்சு போச்சு. தலவாக்கலையில துணிக்கடை வச்சிருக்கிற முஸ்லிம் அண்ணன், நாங்க நானான்னுதான் கூப்பிடுவோம், ஆறு சேலையை எடுத்து முன்னால போட்டு, "டீச்சருக்குத்தானே, காசு மெதுவா வரட்டும்"னு சொன்னாரு. முன்னாடின்னா கடன் இருக்கிற கடைப் பக்கம் நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போவேன். இப்ப மாசாமாசம் நானே வாசல்ல நின்னு, "நானா, டீச்சர் சேலைக் காசு"ன்னு நாலு பேருக்குக் கேக்குற மாதிரி சொல்லித்தான் குடுக்கிறேன். இன்னும் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபா பாக்கி இருக்கு.